மூணாவது வரி

டப்பாவுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்க நம்பரை அடிங்க மாமான்னு மாப்பிள சொல்லிட்டாரு, ஆனா அது எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துன்னு சொல்லலியே. கோமதிநாயகம் ரவுட்டரைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போகலாம்னு பாத்தா பின்னால ஒயரு இழுக்கு, சரி டப்பா வராட்டி நாம போவோம்னு கழுத்தை ஒருக்களிச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, மூக்கு ஸ்டிக்கர்ல இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு, நூத்தித் தொண்ணூத்திரெண்டுன்னு வாய்விட்டுப் படிச்சாரு. யாரும் எழுதிக்கிடல. வாய்விட்டுப் படிச்சா யாராவது எழுதிக்கிடுவாங்கங்கிறது வேலைக்காலத்துப் பழக்கம், பஸ் ஸ்டாண்டுல கூண்டு மாதிரி ஒரு ரூமுக்குள்ள உக்காந்து எந்த வண்டி வந்தது எந்த வண்டி போச்சுன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுன டைம் கீப்பர் அவரு. ரிட்டயர் ஆனதுக்குப் பெறகு கரெண்டு மீட்டரைப் பாத்தாலும் சத்தமாத்தான் படிப்பாரு, பொஞ்சாதி பிரம்மசக்தி அடுப்படியில இருந்தே "ம், மேல சொல்லுங்க"ம்பா. எழுதவெல்லாம் மாட்டா, கையில கத்தரிக்காயும் அருவாமணையும்தான் இருக்கும், ஆனா ம்ம்பா. அந்த ம் இல்லாம நூத்தித் தொண்ணூத்திரெண்டுங்கிற நம்பரு ஹாலோட நடுவுல அப்படியே தொங்குது. அவரு புள்ளின்னாரு. மேல நூத்தி அறுபத்தெட்டுன்னாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரு வாயைத் திறந்தது இப்பத்தான், தொண்டை கரகரன்னுச்சு, காலையிலயும் பேசலியோன்னு யோசிச்சாரு, பேசினாரு, பால்காரன்கிட்ட நாளைக்கும் இதே அளவுதான்னு சொன்னாரு, அவன் வண்டியத் திருப்பிக்கிட்டே தலையாட்டுனான்.

நம்பரைப் போன்ல அடிச்சதும் நீலக்கலர்ல ஒரு பக்கம் வந்துது. இது அவருக்குப் புதுசு இல்ல. போன தீவாளிக்கு மாப்பிள ராஜவேல் ஓசூர்லருந்து வந்திருந்தப்போ இந்தப் பக்கத்தைத் திறந்து, போன்ல அதுக்கு ஒரு அடையாளமும் போட்டுவச்சு, "இதுதான் மாமா ஸ்டேட்டஸ், யார் யார் உங்க நெட்ல இருக்காங்கன்னு இதுல தெரியும்"ன்னு காட்டிட்டுப் போனாரு. மறந்துருவாருன்னு நெனச்சிருப்பாரு. எங்க மறக்க. போன வாரம் போன்ல அந்த அடையாளம் அழிஞ்சுபோற வரைக்கும் இவரு தெனமும் பாத்தாரு, அதான் இன்னைக்கு ஸ்டிக்கரோட மல்லுக்கட்டு. பாக்குறதுக்கு அதுல என்ன இருக்கு, மூணு வரி. முத வரி இவரு போனு, ரெண்டாவது டிவி. மூணாவது வரிக்குப் பேரு கெடையாது, எழுத்தும் எண்ணுமா ஒரு வால் மட்டும் நீளமாக் கெடக்கும். பகல்பூரா அது இருக்காது. பொழுது சாய, கீழ கேட்டு கிரீச்சுங்கும், ஸ்கூட்டரு ஒண்ணு இருமிட்டு நிக்கும், யாரோ படியேறுற சத்தம் இவரு வாசலைத் தாண்டி மேல போகும், போனைப் பாத்தா மூணாவது வரி வந்திருக்கும். வந்தாச்சுன்னு இவரும் சொல்லுவாரு, உள்ளுக்குள்ளதான். திருச்செந்தூரு வண்டி உள்ள வந்ததும் கூண்டுக்குள்ள இருந்து தலையை ஆட்டுவாருல்லா, அதே ஆட்டம். ஒருநாள் மழை, சரியான காத்து மழை, அன்னைக்கு அந்த வரி வரவே இல்ல. கோமதிநாயகம் தோசையைக் கல்லுலயே கருகவிட்டுட்டு பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தாரு. யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக இப்படி நடக்குதியளேன்னு கேட்டா என்ன சொல்லுவாரு. வண்டியை ஓட்டுறவன் யாருங்கிறதா டைம் கீப்பருக்குக் கவலை, வண்டி வரணும், அவ்வளவுதான்.

அந்த மூணாவது வரியத்தான் இன்னைக்கு வெட்டிவிடணும். ஞாயித்துக்கெழம மக சுபா வீடியோவுல வந்தா, வந்து "அப்பா நல்லாருக்கியளா, மாத்திரை"ன்னு ஆரம்பிச்சா, அப்படியே நின்னுட்டா. வாய் பாதி திறந்திருக்கு, கண்ணு ஒண்ணு மூடுற மாதிரி, கையில கரண்டி. இவரு அது தெரியாம மாத்திரை சாப்பிட்டதையும், முழங்கால்ல எண்ணெ தேய்ச்சதையும், மாடியில தண்ணித்தொட்டி ஒழுகினதையும் ஒண்ணு விடாமச் சொல்லிக்கிட்டே போறாரு, மக கரண்டியைத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கிட்டே நிக்கா. இவ்வளவு பொறுமையா அவ எப்பவும் கேட்டதில்லையேன்னு இவருக்கு ஒரு சந்தோஷம்கூட. பெறவுதான் மாப்பிள சாதா போன்ல கூப்பிட்டு, "மாமா, இங்க உங்க மூஞ்சி ஆடாம நிக்குது, யாரோ உங்க நெட்டத் திருடுறாங்க, தீவாளிக்குப் பாத்தப்பவே மூணாவதா ஒரு டிவைஸ் ஓடுச்சே, அது யாரு?"ன்னாரு. தெரியலியே மாப்பிளன்னாரு இவரு. அது பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. "பாஸ்வேர்ட மாத்திருங்க மாமா. உங்க செட்டிங்ஸ் எல்லாம் பழசு. செக்யூரிட்டிய டபிள்யூபிஏ டூல போடுங்க. பாஸ்வேர்டுங்கிறது பல்லு விளக்குற பிரஷ் மாதிரி, யாருக்கும் குடுக்கக்கூடாது, அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்கணும். நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்கு சுபா வீடியோல வருவா, அதுக்குள்ள முடிச்சிருங்க." நல்ல மனுசன்தான் ராஜவேலு, எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு உவமை வச்சிருப்பாரு, கல்யாணத்துல தாலி கட்டும்போதுகூட அய்யர்கிட்ட ஏதோ விளக்கம் கேட்டுக்கிட்டு இருந்தாரு, நல்லநேரம் முடியப்போவுதுன்னு பிரம்மசக்தி பின்னாலருந்து ஒரு இடி இடிச்சா, அதுக்கப்புறந்தான் முடிச்சே விழுந்துது.

பழைய பாஸ்வேர்டும் பிரம்மசக்தி வச்சதுதான். ரவுட்டர் மாட்ட வந்த பையன் ஏணியில நின்னுக்கிட்டே "ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கம்மா, இங்கிலீஷ்ல எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது"ன்னான், அவ அடுப்புல என்ன வறுத்துக்கிட்டு இருந்தாளோ அதையே சொன்னா, சுண்டவத்தல். ஏளா, யாராவது சுண்டவத்தலைப் பூட்டா வைப்பாளான்னு இவரு சிரிச்சாரு. "ஏன், திருடன் என்ன சுண்டவத்தலத் தேடியா வரப்போறான்"ன்னா அவ. சரிதானே. அவ அந்தப் பூட்டையும் யாருக்கோ திறந்து குடுத்துட்டுத்தான் போயிருக்கா, அதுல இவருக்குச் சந்தேகமே இல்ல, அவ கையில எது நின்னுது? கருவேப்பிலை, உறமோரு, குக்கர் வளையம், மாரியம்மன் கோயில் எலுமிச்சம்பழம், எல்லாம் படியேறியும் போச்சு, படியிறங்கியும் போச்சு. ஒண்ணே ஒண்ணு, விளக்கு வச்சதுக்குப் பெறகு உப்பு, மோரு, ஊசி எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது, லச்சுமி கூடவே எறங்கிப் போயிருவாளாம். அதுல மட்டும் இரும்பு. இதுல ஒரு கதை இருக்கு. கீழ் வீட்டுல அப்ப ஒரு பேங்குக்காரர் குடும்பம் இருந்துது, அந்தப் பிள்ளைக்கு வயித்துவலி, தாயி டம்ளரோட வந்து "அக்கா, ஒரு வாய் மோரு"ன்னு நிக்கா. நேரம் விளக்கு வச்சு முடிச்சிருக்கு. பிரம்மசக்தி என்ன செஞ்சா தெரியுமா, "வெளிய குடுக்கமாட்டேன், பிள்ளையத் தூக்கிட்டு உள்ள வா"ன்னா. அடுப்படியிலேயே உக்காத்திவச்சு, மோரு குடிக்க வச்சு, அது கரைச்சலை நிறுத்துற வரைக்கும் மடியில போட்டு, கடைசியில தாயும் பிள்ளையும் ரசஞ்சோறு சாப்பிட்டுத்தான் போனாவ. கோமதிநாயகத்துக்கு அன்னைக்கு ரசம் இல்ல. "ஒரு டம்ளரு மோரைக் குடுத்திருந்தா எனக்கு ரசம் மிஞ்சியிருக்கும்"ன்னாரு. "லச்சுமி மிஞ்சுனாள்லா"ன்னா. அந்த நம்பிக்கையெல்லாம் இவருக்குக் கெடையாது. ஆனா அவ தலைத்தெவசமும் கழிஞ்சு இவ்வளவு நாளாச்சு, சாயங்காலமானா திரியைக் கிள்ளி எண்ணெ விட்டு விளக்கை வைக்காரு, எண்ணெ விரல்ல வழிஞ்சு போன்ல பட்டு, அந்தப் போன் எப்பவும் ஒரு மாதிரி மினுமினுன்னு இருக்கும்.

யாரா இருக்கும். இந்தக் கட்டடத்துல யாரையும் இவருக்கு மூஞ்சியா அதிகம் தெரியாது, போன்ல வைஃபையைத் திறந்தா பக்கத்து வீடுகளெல்லாம் பேரா வருமே, அப்படித்தான் தெரியும். ஒண்ணு 'இயேசு ரட்சிக்கிறார்', ஒண்ணு 'கேக்காதே தரமாட்டேன்', ஒண்ணு 'மாஸ் மருது'. மாஸ் மருது யாருன்னு பாத்தா பக்கத்து வீட்டு வழுக்கைத்தலைக்காரரு, லிப்ட் இல்லியேன்னு தெனமும் மூச்சு வாங்குற மனுசன். அவரா இருக்காது, அவருக்குத்தான் சொந்தமா இருக்கே. பாஸ்வேர்ட மாத்திட்டா அந்த ஆளு வந்து கேக்குமா, கேக்காதா, அதுதான் இப்ப இவரு நெஞ்சுக்குள்ள கெடந்து சுத்துது. கேட்டு வந்தா யாருன்னு தெரிஞ்சிரும். கேக்காமலே போயிட்டா? டெப்போவுல ஒரு குழாய் இருந்துது, விடியக்காலம் எவனோ ஒருத்தன் சுவரு பக்கமா வந்து குடத்துல தண்ணி பிடிச்சிட்டுப் போவான், கூண்டுக்குள்ள இருந்தா குடம் நிறையுற சத்தம் மட்டும் கேக்கும், அடியில டங்குன்னு ஆரம்பிச்சு மேல வரவர மெலிசாயி, கடைசியில கொப்புளிச்சு நிக்கும். முத வண்டி வர்றதுக்கு முன்னால அந்த ஒரு சத்தந்தான் துணை. மேனேஜரு குழாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாரு. குடத்துக்காரன் வந்து கேப்பான்னு கோமதிநாயகம் பாத்தாரு, சாவி இவரு மேசையிலதானே கெடக்கு, கேட்டா குடுத்திருப்பாரு. அவன் கேக்கவே இல்ல. பூட்டைப் பாத்துட்டு, நம்மள வரவேண்டாம்னு சொல்லுதாவ போலன்னு போயிட்டான். திருட்டுத்தனமா எடுக்குறவனுக்கு ரோஷம் அதிகம். இதுவும் அப்படிப் போயிட்டா? ஸ்கூட்டரு வரும், காலடி ஏறும், வரி மட்டும் வராது. ஏழு மணிக்கு மக வருவா, கரண்டி ஆடும், வாய் அசையும், எல்லாம் தெளிவாத் தெரியும், வச்சிருதேம்பான்னு வச்சிருவா. அதுக்கப்புறம் விடியுற வரைக்கும்?

செக்யூரிட்டிங்கிற எடத்தைத் தொட்டா கீழ ஒரு பட்டியலா எறங்குது. மொதல்ல இருக்கது 'நன்'. பூட்டே இல்ல, யாரும் வரலாம் போகலாம். இவரு வெரலு அதுமேல கொஞ்சம் நின்னுது, நிக்கத்தான் செஞ்சுது, மாப்பிள மூஞ்சி ஞாபகம் வரவும் நகந்துது. அடுத்து பழைய பூட்டு, அதுதான் இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கடுத்து மாப்பிள சொன்ன டபிள்யூபிஏ டூ. அதைத் தொட்டாரு. பக்கத்துல ஒரு சின்னக் கட்டம், பேரை மறைச்சு வைக்கணுமான்னு கேக்கு. டிக் போட்டா நெட்டு ஓடும், ஆனா அப்படி ஒண்ணு இருக்குதுங்கிறதே அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியாதாம். கோமதிநாயகம் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இருக்கும், பேரு தெரியாது. காலையில பால்காரன், சாயங்காலம் விளக்கு, நடுவுல மின்விசிறி. இதுக்குத் தனியா டிக் வேற போடணுமாக்கும்னு நெனச்சு அதை விட்டுட்டாரு. புது பாஸ்வேர்டு கேட்டுது. என்னத்தை வைக்க. அடுப்புல ஒண்ணும் இல்ல, மத்தியானத்துச் சோத்துக்குத் தண்ணி ஊத்தி வச்சிருக்கு, அதை வச்சா பழையசோறுன்னு வரும், மனசு ஒப்பல. சுண்டவத்தல்ங்கிறதை ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு, அழிக்க அழிக்க அந்த வறுத்த வாசனை மூக்குல ஏறுது, இல்லாத வாசனைதான், ஆனா ஏறுது. இங்கிலீஷ் எழுத்துல கடைசி வண்டின்னு அடிச்சாரு. ராத்திரி கடைசி வண்டி உள்ள வந்தாத்தானே டைம் கீப்பரு வீட்டுக்குப் போகலாம். எட்டு எழுத்துக்கு மேலயே இருந்துது. சேவ்ங்கிறதுமேல வெரலை வச்சுக்கிட்டு, ஏளா, மாத்தட்டுமான்னாரு. ம் வரல. அமுக்கிட்டாரு.

டப்பாவுல எல்லா லைட்டும் அணைஞ்சுபோச்சு. அய்யோ கெடுத்துட்டோமேன்னு டப்பாவை ரெண்டு தட்டுத் தட்டுனாரு. பெறகு ஒண்ணு எரிஞ்சுது, ரெண்டு எரிஞ்சுது, பச்சை வந்துது. போனைப் பாத்தா இவரையே வெளிய தள்ளிட்டுது, உங்க வீட்டு நெட்டுக்கே நீங்க யாருன்னு கேக்கு. கடைசி வண்டின்னு தப்பா அடிச்சு, திரும்ப அடிச்சு, மூணாந்தடவை உள்ள விட்டுது. டிவிக்கு அந்தப் பாஸ்வேர்ட எங்க போயி அடிக்கன்னு தெரியல, அது கறுப்பா நிக்கு. ஸ்டேட்டஸ்ல போயிப் பாத்தாரு. ஒரே ஒரு வரி. அதுவும் இவரேதான்.

வெளிய வெளிச்சம் கம்மியாயிக்கிட்டு வந்துது. எந்திரிச்சு கைகாலக் கழுவி, திரியைக் கிள்ளி விளக்கை வச்சாரு. விபூதியை எடுத்துப் பூசும்போதே கீழ கேட்டு கிரீச்சுன்னுது. ஸ்கூட்டரு இருமிச்சு. விபூதிக் கையோட ஹாலுக்கு வந்து நின்னாரு. காலடி ஏறுது, இவரு வாசல், இவரு வாசலைத் தாண்டிருச்சு, மேல போவுது, கதவு திறக்கிற சத்தம், சாத்துற சத்தம். அவ்வளவுதான். இப்ப போனை எடுத்திருக்கும், இப்ப சுத்திக்கிட்டே இருக்கும், இப்ப பாஸ்வேர்டு தப்புன்னு வந்திருக்கும். போச்சு, குடத்துக்காரன் மாதிரிதான்னு நெனச்சு சோபாவுல உக்காந்தாரு. மாடியில யாரோ நடக்காங்க. ஜன்னல் பக்கம் போறாங்க, கதவு பக்கம் வாராங்க, திரும்பப் போறாங்க. சிக்னல் தேடுற நடை அது, கோமதிநாயகத்துக்குத் தெரியாதா என்ன. பெறகு நடை நின்னுது. நின்னது நின்னதுதான். சுவத்துல பல்லி ஒண்ணு உச்சுக்கொட்டுது. எந்திரிச்சுக் கதவைத் திறந்துவச்சா என்ன, சும்மா காத்துக்குத் திறந்த மாதிரி, ஆனா திறந்துவச்சும் வரலன்னா அது இன்னும் கேவலமால்லா இருக்கும். மேல கதவு திறந்துது. காலடி இறங்குது. மெதுவா, ஒவ்வொரு படியிலயும் யோசிச்சு யோசிச்சு. இவரு வாசல்ல நின்னுது. மணி அடிக்கல. அடி, யாரா இருந்தாலும் அடின்னு இவரு கதவையே பாத்தாரு. அடிச்சுது.

திறந்தா ஒரு பொம்பள, நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும், ஸ்கேன் சென்டர் கோட்டைக்கூடக் கழத்தல, கையில போனு. மொட்டைமாடியோட சேந்த ஒத்தை ரூம்ல குடியிருக்கவ, படியில பாத்திருக்காரு, குனிஞ்சே போவா. "அண்ணாச்சி, நான் ரெஜினா, மேல இருக்கேன்"ன்னா. "இந்த நெட்டு... அக்காதான் போட்டுத் தந்தாவ. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அக்கா போனதுக்குப் பெறவு வந்து கேக்கவும் சங்கட்டம், கேக்காம எடுக்கவும் சங்கட்டம். எங்க வீட்டுல அவுக மஸ்கட்ல இருக்காவ, இந்நேரம்தான் அவுகளுக்குச் சித்த ஓய்வு. மேல டவரே எடுக்க மாட்டேங்கு." பேசிக்கிட்டே வந்தவ அவரு தோளுக்குப் பின்னால எட்டிப் பாத்தா. உள்ள விளக்கு எரியுது. பட்டுன்னு ஒரு அடி பின்னால வச்சா. "விளக்கு வச்சிட்டியளா? அய்யோ, நான் பாக்கலியே. அக்கா இந்நேரத்துல எதையும் தர மாட்டாவல்லா. இருக்கட்டும் அண்ணாச்சி, நாளைக்கு வாரேன்."

ஏம்மா, நீ மாதா கோயில்மணிச் சத்தம் கேட்டா சிலுவை போடுறவ, உனக்கு எதுக்கு இந்த விளக்குக் கணக்குன்னு கேக்க வாயெடுத்தாரு. பாஸ்வேர்டு என்ன உப்பா ஊசியா, கண்ணுக்கே தெரியாத சாதனம், இந்தா எழுதிக்கோன்னு சொல்லிரலாம். சொன்னா அவ போனுக்குள்ள போட்டுக்கிட்டு படியேறிருவா. மூணாவது வரி திரும்ப வந்துரும், வாலும் பேரில்லாத எழுத்துமா. கதவு சாத்திரும். கோமதிநாயகம் தொண்டைக் கரகரப்பைச் செருமிச் சரிபண்ணிக்கிட்டாரு. "ஆமா, விளக்கு வச்சாச்சு"ன்னாரு. "வெளிய குடுக்கக்கூடாது." அவ தலையாட்டிட்டுத் திரும்பிட்டா. "வெளியதானேம்மா குடுக்கக்கூடாது. உள்ள வா. என் போன்ல பேசு. பாஸ்வேர்ட நாளைக்குக் காலையில வந்து, பகல் வெளிச்சத்துல வாங்கிக்கோ." அவ திரும்பி வந்தா. "அக்காவும் அப்படித்தான் சொல்லுவாவ"ன்னு செருப்பைக் கழத்துனா.

சோபாவுல நுனியில உக்காந்து, எண்ணெ மினுமினுக்கிற போனைக் கோட்டுல துடைச்சு, நம்பரைப் போட்டா. மஸ்கட்டுல ஒரு மீசைக்காரரு வந்தாரு, தலையில சிமெண்ட் தூசி. "ஏட்டி, இது யாரு வீடு?" "கீழ வீட்டு அண்ணாச்சி வீடு. வணக்கம் சொல்லுங்க." "வணக்கம் அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" இன்னும் இல்லன்னாரு இவரு, சொல்லிட்டு, புருசன் பொஞ்சாதி பேசுற எடத்துல நமக்கு என்ன வேலைன்னு அடுப்படிக்குப் போயிட்டாரு. டீக்குத் தண்ணி வச்சாரு. எவ்வளவு வைக்கன்னு கை கொஞ்சம் தடுமாறுச்சு, ஒரு டம்ளரு வச்சே பழகின கை, இன்னொரு டம்ளரை ஊத்தி, பாலைப் பக்கத்து அடுப்புல வச்சாரு. ஹால்ல அவ எதுக்கோ சிரிக்கா, "உங்க மூஞ்சி எவ்வளவு தெளிவா இருக்கு இன்னைக்கு"ங்கா. ஸ்டேட்டஸ்ல போயிப் பாத்தா இப்பவும் ஒத்தை வரிதான் காட்டும். பாக்கவும் முடியாது, போன் அவகிட்ட இருக்கு. ஏழு மணிக்கு சுபா கூப்பிடுவா, அந்தப் போன்லதானே கூப்பிடணும், கூப்பிட்டா யாருப்பா அங்க பேச்சுச் சத்தம்னு கேப்பா, கேக்கட்டும். காலையில ரெஜினா வருவா, கடைசி வண்டின்னு சொல்லணும், சிரிப்பாளோ என்னமோ, வாங்கிக்கிட்டுப் போவா. அதுக்கப்புறம் வர வேண்டிய காரியம் அவளுக்கு இருக்காது. பால் பொங்கி வந்துது, அடுப்பைத் தணிச்சாரு. மாப்பிள சொல்லியிருக்காருல்லா, நல்ல மனுசன், எதையும் யோசிக்காமச் சொல்ல மாட்டாரு. பாஸ்வேர்டுங்கிறதை அப்பப்ப மாத்திக்கிட்டேதான் இருக்கணும்.